பாலாற்றின் இரு கரையிலும் ஒரே கேள்வி: யாரிடம் முறையிடுவது?

புது தில்லி: குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்த மனுவுக்குப் பதில் இல்லை. இதற்கு மேல் யாரிடம் முறையிடுவது என்ற கேள்விக்குக் கர்நாடகமும் தமிழகமும் இரு வேறு சட்டங்களில் விடை எழுதி வைத்துள்ளன. அந்த இரு விடைகளும் எதிரெதிரே நிற்கும் இடம் பாலாறு.

வேலூர் வழியே செல்லும் பாலாறு அல்ல இது. மாதேஸ்வரன் மலைப் பகுதியிலிருந்து இறங்கி, மேட்டூர் நீர்த்தேக்கத்தை ஒட்டிக் காவிரியில் கலக்கும் சிற்றாறு. சேலம் மாவட்டம் கொளத்தூரைக் கடந்து சென்றால் பாலாற்றுப் பாலம்; பாலத்தைத் தாண்டினால் கர்நாடகம். 1993 ஏப்ரல் 9-ம் தேதி நடந்த கண்ணிவெடித் தாக்குதலில் 22 பேர் உயிரிழந்தபோதுதான் இந்தப் பெயர் நாடு முழுவதும் தெரிய வந்தது. அக்கரையில் உள்ள பழைய கொள்ளேகால் வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோவை மாவட்டத்தில் இருந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது மைசூருக்குச் சென்றது. 1997-ல் மைசூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது சாமராஜநகர் மாவட்டத்தில் சேர்ந்தது. எல்லை மாறினாலும் கோபிநத்தம் போன்ற ஊர்களில் வீட்டு மொழி தமிழே. அலுவலக மொழி கன்னடம்.

கர்நாடகத்தின் விடை

உள்ளாட்சிகளைப் பற்றிய முறையீட்டைக் கர்நாடகம் தனியாகப் பிரிக்கவில்லை. 1984-ல் இயற்றப்பட்டு 1986-ல் நடைமுறைக்கு வந்த லோக் ஆயுக்த சட்டத்தின் கீழேயே ஊராட்சித் தலைவரும் உறுப்பினரும் ஊழியரும் வருகின்றனர். முதல்வர், அமைச்சர்கள், சட்டப்பேரவை உறுப்பினர்கள் ஆகியோரை லோக் ஆயுக்த விசாரிக்கிறார். கீழ்நிலையில் உள்ள பெரும்பாலான ஊழியர்கள் உப லோக் ஆயுக்தவின் வரம்பில் உள்ளனர். ஆகவே குழாயும் சாக்கடையும் நடைமுறையில் அவரிடமே போய்ச் சேரும். புகார் இல்லாமலேயே விசாரணையைத் தொடங்கும் அதிகாரமும் 2010-ல் உப லோக் ஆயுக்தவுக்கு வழங்கப்பட்டது.

இந்தச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு நுட்பம் உண்டு. முறையீட்டை அது இரண்டாகப் பிரிக்கிறது. லஞ்சம், அதிகார துஷ்பிரயோகம் போன்றவை "குற்றச்சாட்டு". நிர்வாகச் சீர்கேட்டால் ஒருவருக்கு நேர்ந்த அநீதி அல்லது தேவையற்ற துன்பம் "குறை". குற்றச்சாட்டுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் தரும் சட்டம், குறைக்கு ஆறு மாதமே தருகிறது. கையூட்டு வாங்கிய எழுத்தரைப் பற்றி நான்கு ஆண்டு கழித்தும் எழுதலாம். தண்ணீர் வராததைப் பற்றி ஏழாவது மாதம் எழுதினால், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். தெருவிளக்குக்காக ஊராட்சிக்கும் வட்டத்துக்கும் நடந்து கொண்டிருப்பவருக்கு ஆறு மாதம் எப்படிப் போகும் என்பது கிராமத்தில் வாழ்ந்தோருக்குத் தெரியும்.

புகார் ஏற்கப்பட்டால், சம்பந்தப்பட்ட ஊழியரிடமும் அவரது மேலதிகாரியிடமும் விளக்கம் கேட்கப்படும். போடாத சாலைக்குப் பணம் எடுத்த விவகாரம் என்றால், லோக் ஆயுக்தவின் தொழில்நுட்பப் பிரிவுப் பொறியாளர்கள் நேரில் சென்று அளந்து பார்ப்பதுண்டு. குறை உண்மை எனத் தெரிந்தால், இன்ன காலத்துக்குள் சரிசெய்க என்று பரிந்துரை செல்லும். அந்தக் கெடு முடிந்த ஒரு மாதத்துக்குள் எடுத்த நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும். அதுவும் திருப்தி தராவிட்டால் ஆளுநருக்குச் சிறப்பு அறிக்கை, அங்கிருந்து சட்டப்பேரவைக்கு. அறிக்கை பேரவையின் மேஜையில் வைக்கப்படும்போது அந்தத் தெருவில் விளக்கு எரிந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

ஆனாலும், பரிந்துரை வரை போகாமல் தீரும் குறைகளும் உண்டு என்பதை மறுக்க முடியாது. "விளக்கம் தருக" என்ற கடிதம் வந்த மறுவாரமே வேலை நடப்பது அரசு அலுவலகங்களின் இயல்பு. நீதிபதி என். வெங்கடாசலா 2001 முதல் 2006 வரை லோக் ஆயுக்தவாக இருந்தபோது, மருத்துவமனைகளுக்கும் அலுவலகங்களுக்கும் முன்னறிவிப்பின்றிச் சென்றதே அவரை மக்களிடம் கொண்டு சேர்த்தது. அவருக்குப் பின் வந்த நீதிபதி சந்தோஷ் ஹெக்டே 2011-ல் அளித்த சுரங்க அறிக்கை ஒரு முதல்வரின் பதவியையே பறித்தது. அதன் பிறகு அந்த அமைப்பு "குற்றச்சாட்டு" வழியாகவே அறியப்பட்டது. "குறை" பின்னுக்குப் போனது. 2015-ல் அப்போதைய லோக் ஆயுக்தவின் மகனே மிரட்டிப் பணம் பறித்த புகாரில் கைதானதும், 2016-ல் ஊழல் தடுப்புப் பிரிவு தனியே தொடங்கப்பட்டதும், 2022-ல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் தனிக்கதை. பெங்களூரில் நடந்த அந்தப் போராட்டத்தில் மலைக்கிராமக் குடிநீர் யார் நினைவிலும் இல்லை.

உடைந்த வாக்கு இயந்திரம்

2024 ஏப்ரல் 26-ம் தேதி மக்களவைத் தேர்தலின்போது, பாலாற்றுக்கு மேலே மாதேஸ்வரன் மலைப் பகுதியில் உள்ள இண்டிகநத்தா கிராமத்தினர் சாலை, குடிநீர் உள்ளிட்ட அடிப்படை வசதிகள் இல்லை எனக் கூறித் தேர்தலைப் புறக்கணித்தனர். வாக்குப்பதிவை நடத்த அதிகாரிகள் முயன்றபோது மோதல் மூண்டது. வாக்குச்சாவடி சூறையாடப்பட்டது, வாக்குப்பதிவு இயந்திரம் உடைக்கப்பட்டது. ஏப்ரல் 29-ம் தேதி அங்கு மறுவாக்குப்பதிவு நடந்தது. வன்முறையை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் முறையிட ஒரு சட்டம் இருந்தும், அங்கிருந்து சுமார் 200 கி.மீ. தொலைவில் உள்ள தலைநகரின் அலுவலகத்தைவிட வாக்குச்சாவடி அவர்களுக்கு அருகில் இருந்தது.

அந்தச் சாலைக்கு ஊராட்சி மட்டும் பொறுப்பல்ல. 2013-ல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதி அது. ஊராட்சி வனத்துறையைக் காட்டும்; வனத்துறை சட்டத்தைக் காட்டும். அதேவேளை 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 3(2)-ம் பிரிவு, கிராம சபையின் பரிந்துரையுடன் சாலை, குடிநீர்க் குழாய், பள்ளி போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வன நிலத்தை ஒதுக்க வழி செய்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது என்பது நிபந்தனை. கிராம சபை கூடியதா, கோப்பு எந்த மேஜையில் நின்றது, ஏன் நின்றது என்று கேட்பதற்கென்றே உருவானது நடுவர் பதவி. இரு துறைகளையும் ஒரே மேஜைக்கு அழைக்கக் கிராமத்தானால் முடியாது, அவரால் முடியும்.

தில்லி கேட்டது, பிறகு மறந்தது

உள்ளாட்சிகளுக்குத் தனி நடுவர் என்ற யோசனை தில்லியிலிருந்தும் வந்தது. வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007-ல், சில மாவட்டங்களை ஒரு தொகுதியாகக் கொண்டு ஒரு நடுவரை நியமிக்கலாம் என்றது. விஜய் கேல்கர் தலைமையிலான 13-வது நிதி ஆணையம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. செயல்திறன் மானியம் பெற ஊராட்சிகளுக்கு ஆறு, நகராட்சிகளுக்கு ஒன்பது நிபந்தனைகளை விதித்து, அவற்றில் சுதந்திரமான உள்ளாட்சி நடுவரையும் ஒன்றாக்கியது. லோக் ஆயுக்தவின் வரம்பில் உள்ளாட்சிகள் ஏற்கெனவே இருந்தால் அதையே தொடரலாம் என்றும் சலுகை தந்தது.

தமிழகம் 2014-ல் உள்ளாட்சி முறைமன்ற நடுவர் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டே 13-வது ஆணையத்தின் காலம் முடிந்தது. 14-வது ஆணையம் தணிக்கை செய்த கணக்கையும் சொந்த வருவாய் உயர்வையும் கேட்டது, நடுவரைக் கேட்கவில்லை. மானியத்துக்காக எழுதப்பட்ட சட்டங்களுக்கு மானியம் நின்ற பிறகு யார் காவல்?

கேரளம் இதில் விலக்கு. தில்லி கேட்பதற்குப் பத்தாண்டு முன்பே, 1999-ல் ஊராட்சிச் சட்டத்தைத் திருத்தி நடுவர் அமைப்பை உருவாக்கியது. ஏழு பேர் கொண்ட அமைப்பு பின்னர் ஒருவராகச் சுருங்கியது உண்மை. எனினும் இழப்பீடு வழங்கவும், உள்ளாட்சிக்கு ஏற்பட்ட நஷ்டத்தைப் பொறுப்பானவரிடம் வசூலிக்கவும் உத்தரவிடும் அதிகாரம் அங்கு உண்டு. மாவட்டங்களுக்குச் சென்று விசாரணை நடத்தும் வழக்கமும் உண்டு. இங்கிலாந்தில் 1974 முதல் உள்ள உள்ளாட்சி நடுவரின் பரிந்துரை கட்டாயம் அல்ல. ஆனால் தன்னைப் பற்றிய பாதகமான அறிக்கை வெளியானதைக் கவுன்சிலே பத்திரிகையில் விளம்பரம் செய்தாக வேண்டும். அந்த வெட்கம் அங்கு வேலை செய்கிறது.

தமிழகத்தில் நடுவர் சென்னையில் இருக்கிறார். அவர் கண்காணிக்க வேண்டிய அமைப்புகளோ 2016 அக்டோபர் முதல் மக்கள் பிரதிநிதிகள் இன்றித் தனி அலுவலர்களின் கையில் இருந்தன. 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பரிலும், எஞ்சிய மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரிலும், நகரங்களுக்கு 2022 பிப்ரவரியிலும்தான் தேர்தல் நடந்தது. சேலம் உள்ளிட்ட மாவட்டங்களின் ஊராட்சிகளில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தபோது மீண்டும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றனர். கொளத்தூர் பக்கத்துக் குடியிருப்புவாசி, தன் வார்டு உறுப்பினரிடம் சொல்லிப் பார்க்கும் முதல் படியையே அன்று இழந்தார்.