வேலை உண்டு, சம்பளம் இல்லை: அமெரிக்க அரசு முடக்கம் – சந்தேகங்களும் விளக்கங்களும்

அமெரிக்காவில் 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை மத்திய அரசு நிர்வாகம் 43 நாள்கள் முடங்கிக் கிடந்தது. 2018-19ல் நடந்த 35 நாள் முடக்கத்தை இது மிஞ்சியது. ‘பிடித்த சம்பளம் பிறகு வந்துவிடுமே, ஊழியர்களுக்கு என்ன கஷ்டம்?’ என்று பலரும் கேட்கிறார்கள். அதையொட்டிய சந்தேகங்களுக்கு இங்கே விளக்கங்கள்.

சந்தேகம்: சம்பளம் கொடுக்க அமெரிக்க அரசிடம் பணம் இல்லையா?

விளக்கம்: பணம் இருக்கிறது, செலவழிக்க அனுமதிதான் இல்லை. அங்கே நிதியாண்டு அக்டோபர் 1ல் தொடங்கும். அதற்குள் 12 நிதி ஒதுக்கீட்டு மசோதாக்களையோ, ஒரு தற்காலிக ஒதுக்கீட்டையோ நாடாளுமன்றம் நிறைவேற்ற வேண்டும். ஒதுக்கீடு இல்லாத செலவுக்கு 1884லேயே சட்டம் தடை போட்டுவிட்டது. அதைக் கறாராகப் பின்பற்ற வேண்டும் என்று அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி 1980ல் கருத்துரைத்த பிறகுதான் அலுவலகங்களை மூடும் வழக்கம் வந்தது. 2018ல் எல்லைச் சுவருக்கான நிதியும், 2025ல் மருத்துவக் காப்பீட்டு மானியமும் இழுபறிக்குக் காரணமாயின.

சந்தேகம்: அப்படியானால் எல்லோருக்கும் விடுப்புதானே?

விளக்கம்: இல்லை. உயிர், உடைமைப் பாதுகாப்போடு தொடர்புடையவர்கள் சம்பளம் இல்லாமலே பணிக்கு வர வேண்டும். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள், விமான நிலையச் சோதனை ஊழியர்கள், சிறைக் காவலர்கள் போன்றோர் இந்த வகை. 2018-19ல் பாதிக்கப்பட்ட சுமார் 8 லட்சம் பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வேலை பார்த்தவர்களே. வேலைநிறுத்தம் செய்யவும் வழியில்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கு அது சட்டவிரோதம். 1981ல் வேலைநிறுத்தம் செய்த கட்டுப்பாட்டாளர்கள் 11,000க்கும் மேற்பட்டோரை அதிபர் ரீகன் பணிநீக்கம் செய்தார்.

சந்தேகம்: நிலுவைச் சம்பளம் உறுதிதானே?

விளக்கம்: 2019 ஜனவரியில் வந்த சட்டம் அதை உறுதி செய்கிறது. ஆனால் 2025 முடக்கத்தின்போது, அது தானாகக் கிடைத்துவிடாது என்று வெள்ளை மாளிகைத் தரப்பு வாதம் கிளப்பியது. முடக்கத்தை முடித்துவைத்த சட்டத்தில் நிலுவைக்கு வழி செய்த பிறகே குழப்பம் தீர்ந்தது.

தொகை கிடைத்தாலும், எப்போது கிடைக்கும் என்பதுதான் சிக்கல். அங்கே பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம். வாடகை, வீட்டுக்கடன், கார் தவணை, குழந்தைகள் காப்பகக் கட்டணம் எல்லாம் அதை நம்பித்தான். 2019 ஜனவரி 11 அன்று ஊழியர்கள் பலருக்கு நிகரத் தொகை பூஜ்யம் என்று அச்சிட்ட சம்பளச் சீட்டு வந்தது. தவணை தவறியதற்கான அபராதத்தையும் கிரெடிட் கார்டு வட்டியையும் நிலுவைச் சம்பளம் ஈடுகட்டாது.

சந்தேகம்: கடனோ உதவித்தொகையோ வாங்கிச் சமாளிக்கக் கூடாதா?

விளக்கம்: சில கூட்டுறவுக் கடன் சங்கங்கள் வட்டியில்லாமல் கடன் கொடுத்தன. ஓய்வூதியச் சேமிப்பில் கைவைத்தால் பெரும்பாலும் வரியோடு 10 சதவீத அபராதமும் கட்ட வேண்டும். பணிக்கு அழைக்கப்படாமல் சம்பளமில்லா விடுப்பில் வீட்டில் இருத்தப்பட்டவர்கள் வேலையின்மை உதவித்தொகை கேட்கலாம். நிலுவை வந்ததும் திருப்பிக் கட்ட வேண்டும். சம்பளமின்றிப் பணியில் இருப்பவருக்குப் பொதுவாக அதுவும் கிடைக்காது. அவர்தான் ‘வேலையில்’ இருக்கிறாரே!

2018 டிசம்பரில் அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகம், வீட்டு உரிமையாளருக்கு எழுத ஒரு மாதிரிக் கடிதம் வெளியிட்டது. பெயின்ட் அடிப்பது, தச்சு வேலை போன்றவற்றைச் செய்து கொடுத்து வாடகையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்கும்படி அதில் யோசனை இருந்தது. கண்டனம் கிளம்பியதும், பழைய கடிதம் தவறுதலாக வெளியாகிவிட்டது என்றார்கள்.

சந்தேகம்: நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் சம்பளம் நின்றுவிடுமா?

விளக்கம்: நிற்காது. அவர்களுடைய சம்பளத்துக்கு அரசியல் சாசனத்தின் பாதுகாப்பு உண்டு. பெரும்பாலான உறுப்பினர்களுக்கு ஆண்டுக்கு 1,74,000 டாலர்.

சந்தேகம்: நிலுவையே கிடைக்காதவர்களும் இருக்கிறார்களா?

விளக்கம்: இருக்கிறார்கள். அரசு அலுவலகங்களில் துப்புரவு, கேன்டீன், காவல் பணிகளை ஒப்பந்த நிறுவனங்கள் வழியாகச் செய்பவர்கள் 2019 சட்டத்தின் வரம்புக்குள் வரமாட்டார்கள். அலுவலகம் மூடியிருந்த நாள்களின் கூலி அவர்களுக்குப் போனது போனதுதான். பலருக்குக் கிடைப்பதும் குறைந்த கூலிதான் என்பதால் அடி பலமாக விழுகிறது.

சந்தேகம்: முடக்கமே வராமல் தடுக்க முடியாதா?

விளக்கம்: மசோதா நிறைவேறாவிட்டால் பழைய ஒதுக்கீடு தானாக நீளட்டும் என்ற யோசனை பலமுறை முன்வைக்கப்பட்டும் சட்டமாகவில்லை. பேரத்தில் கையிலிருக்கும் பிடியை விட இரு கட்சிகளுக்கும் மனமில்லை. பொதுமக்களுக்கு உறைக்கும்போதுதான் முடக்கம் முடிவை நெருங்குகிறது. 2019 ஜனவரி 25 அன்று விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் பற்றாக்குறையால் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்துக்கு வரும் விமானங்கள் சிறிது நேரம் நிறுத்திவைக்கப்பட்டன. அன்றே உடன்பாடு அறிவிக்கப்பட்டது. 2025லும் 40 விமான நிலையங்களில் சேவையைக் குறைக்க உத்தரவு வந்து சில நாள்களில் முடக்கம் முடிந்தது. பயணிகளுக்கு வலிக்கும்வரை, சுமை ஊழியர்கள் தலையில்தான்.