டாக்டர் சீட் மட்டும்தானா படிப்பு? உயிரியல் படித்த பிள்ளைகளுக்கு டெல்லி பல்கலைக்கழகத்தில் உள்ள வழிகள்

டெல்லியில் தமிழர் குடியிருக்கும் எந்தப் பகுதிக்குப் போனாலும், 12-ம் வகுப்பில் உயிரியல் எடுத்த பிள்ளையைப் பார்த்து எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "டாக்டருக்குப் படிக்கப் போகிறாயா?" ஆர்.கே.புரம் ஆனாலும் சரி, கரோல்பாக் ஆனாலும் சரி, ஜனக்புரி ஆனாலும் சரி, இந்தக் கேள்வி மாறுவதில்லை.

டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறு இல்லை. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். 2024-ம் ஆண்டில் "நீட்" தேர்வு எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். நாடு முழுவதும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம்தான். அதிலும் சுமார் பாதி, தனியார் கல்லூரி இடங்கள். மாதச் சம்பளக்காரர் எட்டிப் பார்க்க முடியாத கட்டணம்.

அப்படியானால் மீதி 22 லட்சம் பேர் என்ன செய்வது?

போய்விடும் ஒரு வருடம்

பல வீடுகளில் நடப்பது இதுதான். நீட் முடிவு வருகிறது. மார்க் போதவில்லை. "இன்னொரு தடவை எழுதட்டும்" என்று தகப்பனார் பிராவிடண்ட் பண்டில் கடன் போட்டு, பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுகிறார். மறு ஆண்டும் கிடைக்காவிட்டால், பிள்ளை வெளியே தலைகாட்டக் கூச்சப்படுகிறது. பெண் பிள்ளையாக இருந்தால் கல்யாணப் பேச்சும் தொடங்கிவிடுகிறது.

"இந்த ஆண்டே வேறு ஏதாவது பட்டப்படிப்பில் சேர்த்துவிடலாம்" என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்கள் டெல்லி பல்கலைக்கழகத்தை விசாரிக்கும்போது, பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது.

காரணம், டெல்லி பல்கலைக்கழகத்தில் 2022-ம் ஆண்டு முதல், பிளஸ்-2 மார்க்கை வைத்து "கட்-ஆப்" பட்டியல் போடும் பழைய முறை இல்லை. மத்திய பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான "கியூட்" எழுத வேண்டும். இதற்கான விண்ணப்பம் ஆண்டின் முதல் சில மாதங்களிலேயே வாங்கப்படுகிறது. நீட் தேர்வு நடப்பதற்கு முன்பே கடைசி தேதி முடிந்துவிடுகிறது. "நீட் முடிவு வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று இருப்பவர்களுக்குக் கதவு சாத்தப்படுவது இதனால்தான்.

ஆகவே, நீட் எழுதும் பிள்ளை கியூட் தேர்வுக்கும் சேர்த்தே விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். இரண்டுக்கும் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்கள்தான். தனியாகப் படிக்க வேண்டிய பாரம் அதிகம் இல்லை. கியூட் தேர்வில் ஒரு மொழிப் பாடமும் எழுத வேண்டும். 13 மொழிகளில் தமிழும் ஒன்று. டெல்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் 7 பள்ளிகளில் 12-ம் வகுப்பு வரை தமிழ் எடுத்துப் படித்த பிள்ளைகள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

என்னென்ன படிப்பு?

விலங்கியல், தாவரவியல் ஆகிய இரண்டும் பல கல்லூரிகளில் இருக்கின்றன. நுண்ணுயிரியல், உயிர் வேதியியல் பாடங்கள் சில கல்லூரிகளில் மட்டும். தவுலா குவான் அருகே உள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரியில், எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லித்தரும் "பயாலஜிக்கல் சயன்சஸ்" பட்டப்படிப்பு உண்டு.

இவை தவிர "பயோமெடிக்கல் சயன்ஸ்" என்ற பட்டப்படிப்பு மூன்று கல்லூரிகளில் இருக்கிறது. ஒன்று, கால்காஜி பக்கம் உள்ள ஆச்சார்ய நரேந்திர தேவ் கல்லூரி. அடுத்தது, துவாரகையில் உள்ள பாஸ்கராச்சார்யா கல்லூரி. மூன்றாவது, வசுந்தரா என்கிளேவில் உள்ள ஷஹீத் ராஜ்குரு கல்லூரி. இது பெண்களுக்கு மட்டுமான கல்லூரி.

பெயரைக் கேட்டு இதுவும் ஒருவகை டாக்டர் படிப்பு என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படி அல்ல. நோயாளியைப் பார்ப்பது டாக்டர். நோயையே பார்ப்பது இந்தப் படிப்பு.

உதாரணமாக, சர்க்கரை நோய். இன்சுலின் எவ்வளவு போட வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுக்கிறார். கணையம் ஏன் இன்சுலின் சுரக்கவில்லை, சுரந்தாலும் உடம்பு அதை ஏன் ஏற்கவில்லை, புதிய மருந்து வந்தால் அது வேலை செய்கிறதா, விஷமாகிறதா என்று எப்படிச் சோதிப்பது? இவற்றைச் சொல்லித்தருவது பயோமெடிக்கல் சயன்ஸ். உடலியங்கியல், மரபியல், நோய் எதிர்ப்பு இயல், மருந்தியல், நச்சியல், நோய்க்கூறு இயல் எல்லாம் இதில் பாடங்கள்.

பரிசோதனைக்கூடத்தில்

உயிரியல் பட்டப்படிப்பில் பாதிப் படிப்பு பரிசோதனைக்கூடத்தில்தான். மைக்ரோஸ்கோப்பில் செல்லைப் பார்ப்பது, கிருமியைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பது, டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பது என்று மணிக்கணக்கில் நிற்க வேண்டும். பார்த்ததை ரெக்கார்டு நோட்டில் வரைந்து எழுத வேண்டும்.

"தவளையை அறுக்கச் சொல்வார்களே" என்று பயப்படும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. பட்டப்படிப்பில் விலங்குகளை அறுத்துப் பார்ப்பதை நிறுத்தும்படி 2014-ம் ஆண்டிலேயே பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டுவிட்டது. மாதிரிகளையும் கம்ப்யூட்டரையும் வைத்தே சொல்லித்தருகிறார்கள்.

"டாக்டர் சீட் கிடைக்காதவர்கள் படிக்கிற படிப்பு" என்று இதை மட்டமாக நினைப்பவர்கள், ஊமத்தம்பூ கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1964-ம் ஆண்டு. டெல்லி பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் சிப்ரா குஹா என்ற பெண் விஞ்ஞானியும், எஸ்.சி. மகேஸ்வரியும் ஊமத்தம்பூவின் மகரந்தப் பையை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வளர்த்தார்கள். மகரந்தத் தூளில் இருந்தே சின்னஞ்சிறு கருக்கள் முளைத்தன! ஆணும் பெண்ணும் சேராமல், மகரந்தத்தில் இருந்து மட்டும் செடியை உண்டாக்கலாம் என்று உலகம் தெரிந்துகொண்டது அப்போதுதான். நெல் போன்ற பயிர்களில் புதிய ரகங்களை விரைவாக உருவாக்க, பல நாடுகள் இந்த முறையைக் கையாண்டன. வெளிநாட்டுப் பெரிய ஆய்வகத்தில் அல்ல, நம் பிள்ளைகள் சேரக்கூடிய அரசுப் பல்கலைக்கழகத்தில் நடந்த காரியம் இது.

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் இப்படி ஒரு பெருமை உண்டு. தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம், மூன்று புரிகளாக முறுக்கிய கயிறு போன்றது என்று ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் சொன்னது அங்கே இருந்துதான்.

வேலை கிடைக்குமா?

சம்பளக்காரர் கேட்கும் முதல் கேள்வி இது. நேர்மையான பதில்: பி.எஸ்சி. மட்டும் போதாது.

ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் லேப் டெக்னீஷியன் வேலைக்கு, அதற்கென்றே தனி டிப்ளமோவும் பட்டமும் இருக்கின்றன. உடனே சம்பாதிக்க வேண்டிய குடும்ப நிலை என்றால், அந்தப் படிப்பே நல்லது. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பள்ளி ஆசிரியர் ஆவதற்கு பி.எட். வேண்டும். ரெயில்வே, பாங்கி, மத்திய அரசு குமாஸ்தா தேர்வுகளை எழுத எந்தப் பட்டமும் போதும்.

ஆராய்ச்சி வழியில் போவதானால் எம்.எஸ்சி. படித்தே ஆக வேண்டும். டெல்லி பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் பயோமெடிக்கல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. தென் வளாகத்தில் உயிர் வேதியியல், நுண்ணுயிரியல், மரபியல் துறைகள் உள்ளன. எய்ம்ஸ் நிறுவனத்திலும் எம்.பி.பி.எஸ். அல்லாதவர்களுக்கு எம்.எஸ்சி. உண்டு. பிறகு சி.எஸ்.ஐ.ஆர். "நெட்" தேர்வில் தேறி, ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால், மாதம் ரூ.37 ஆயிரம். இரண்டு ஆண்டு கழித்து ரூ.42 ஆயிரம். 2023-ம் ஆண்டு தொடக்கத்தில் இருந்து அமலுக்கு வந்த தொகை இது.

முடிவில் கிடைப்பது பிஎச்.டி. அப்போது பெயருக்கு முன்னால் "டாக்டர்" என்றும் போட்டுக்கொள்ளலாம். ஊசி போட முடியாது, அவ்வளவுதான். ஆனால் அதற்கு பத்து வருடமாவது பொறுமை வேண்டும். வீட்டாருக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

சான்றிதழில் கவனம்

வெளிமாநிலத் தமிழர்கள் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். தமிழ்நாட்டில் வாங்கிய பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் டெல்லி பல்கலைக்கழகத்தில் செல்லாது. மத்திய அரசுப் பட்டியலில் உள்ள சாதியாக இருந்து, மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வாங்க வேண்டும். அது பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும். நடப்பு நிதி ஆண்டில் வாங்கியதாகவும் இருக்க வேண்டும். தகப்பனார் பெயரில் உள்ள பழைய சான்றிதழை எடுத்துக்கொண்டு போய்ப் பயன் இல்லை. ஊருக்கு லீவில் போகும்போதே தாலுகா ஆபீசில் விசாரித்து வைப்பது நல்லது.

பிள்ளை 11-ம் வகுப்பில் இருக்கும்போதே பெற்றோர் ஒரு நாள் உட்கார்ந்து பேச வேண்டும். நோயாளியின் பக்கத்தில் நிற்க ஆசையா, நோயின் காரணத்தைத் தேட ஆசையா என்று கேட்க வேண்டும். பதில் எதுவானாலும், நீட் விண்ணப்பத்தோடு கியூட் விண்ணப்பத்தையும் போட்டுவைத்தால், ஒரு வழி அடைபட்டாலும் இன்னொரு வழி திறந்திருக்கும். ஒரு வருடமும் வீணாகாது.