சிறகு இல்லாதவன் பறந்த கதை

உயிரினங்களுள் தம் உடலாற்றலால் சிறகடித்துப் பறக்கக் கற்றவை நான்கே இனங்கள். முதலில் பூச்சிகள், அடுத்து, இன்று அழிந்துபோன டெரோசார் என்னும் பறக்கும் ஊர்வன, பின்னர்ப் பறவைகள், இறுதியாக வௌவால்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின் ஐந்தாவதாக வானேறியவன் மனிதன். அவனுக்குச் சிறகு முளைக்கவில்லை. எதைக் கொண்டு பறந்தான்? “எஞ்சினைக் கொண்டு” என்று நாம் உடனே விடை கூறிவிடுகிறோம். அவ்விடை போதாது என்பதே என் கருத்து.

முதலில் பறவையைப் பார்ப்போம். அதன் சிறகு மேற்புறம் சற்றே வளைந்தது. முன்னோக்கிச் செல்லும்போது அது காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. காற்று கீழே தள்ளப்பட, சிறகு மேலே தள்ளப்படுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியே இங்கும் ஆட்சி செய்கிறது. எலும்புகள் பல உள்ளீடற்றவை. நுரையீரலோடு காற்றுப்பைகள் இணைந்திருப்பதால், மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று நுரையீரல் வழியே ஓடிக்கொண்டே இருக்கிறது.

இவ்வமைப்பின் வலிமைக்கு நம் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்திற்கு வரும் விருந்தாளி ஒன்றே சான்று. வரித்தலை வாத்து மங்கோலியா, திபெத்துப் பகுதிகளில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து வருகிறது. 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அது பறந்தது பதிவாகியுள்ளது. 2022ஆம் ஆண்டில் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாத் தீவு வரை, எங்கும் இறங்காமல், 13,560 கிலோமீட்டர் தொலைவை 11 நாட்களில் கடந்தது. அப்போது அதற்கு வயது ஐந்து மாதம்!

இவற்றைக் கண்ட மனிதன் கைகளில் சிறகு கட்டி அடித்துப் பார்த்தான், விழுந்தான். பறவையின் மார்புத் தசைக்கு நம் தோள் ஈடாகுமா? சிறகடிப்பதை விட்டுவிட்டு, அசையாச் சிறகில் மிதக்க முயன்றவர்களுள் தலையாயவர் ஜெர்மானியரான ஓட்டோ லிலியந்தால். இளமையில் தம்பியோடு செங்கால் நாரைகளை உற்றுநோக்கியவர். பறவைகளின் பறத்தலைப் பற்றி 1889இல் நூல் எழுதியவர். 1891 முதல் எஞ்சின் இல்லா ஊர்திகளில் ஏறத்தாழ 2,000 முறை குன்றுகளிலிருந்து மிதந்து இறங்கினார். உடலை இப்பக்கமும் அப்பக்கமும் சாய்த்தே ஊர்தியைத் திருப்பினார். 1896 ஆகஸ்டு 9 அன்று அந்தச் சாய்வு பயன்படவில்லை. ஊர்தி தலைகுப்புற வீழ்ந்தது. மறுநாள் அவர் இறந்தார். அவரைத் தாங்கக் காற்று தவறவில்லை. தடுமாறிய ஊர்தியை நிலைக்குக் கொண்டுவர வழி இல்லாமற்போனதே அவர் உயிரைக் குடித்தது.

இந்த மரணச் செய்தி அமெரிக்காவின் டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை வைத்திருந்த வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்னும் சகோதரர்களைச் சிந்திக்க வைத்தது. இருவரும் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள். ஆயினும் அவர்கள் தொழிலே அவர்களுக்குப் பாடம் சொன்னது. ஓடும் மிதிவண்டி விழாதிருப்பது ஓட்டுபவன் கணந்தோறும் அதைச் சரிசெய்துகொண்டே இருப்பதால்தானே? பறவையும் சிறகு நுனிகளை முறுக்கித்தான் நிலைகொள்கிறது என்று வில்பர் கண்டார். 1899இல், ஓர் அட்டைப்பெட்டியைக் கையில் வைத்து முறுக்கியபோது, ஊர்தியின் சிறகையும் அவ்வாறே முறுக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது.

1901இல் அவர்களது ஊர்தி, கணக்கிட்ட அளவுக்கு மேலெழவில்லை. அவர்கள் மனம் தளர்ந்தாலும் ஒன்று செய்தனர்: அச்சிட்ட எண்களையே ஐயுற்றனர். ஆறடி நீள மரப்பெட்டியில் விசிறி பொருத்திக் காற்றைச் செலுத்தி, இருநூறு வகைச் சிறகு மாதிரிகளைச் சோதித்தனர். அளவுகோல்கள் இரம்பத் தகட்டிலும் மிதிவண்டிக் கம்பியிலும் செய்தவை. ஸ்மீட்டன் என்ற பொறியாளரின் பெயரால் நூறாண்டுகளுக்கும் மேலாக நூல்களில் வழங்கிவந்த காற்றழுத்த எண், உண்மையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரிது என்பது தெளிவாயிற்று. எனக்கு இவ்வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுவே.

அதே காலத்தில் பேரறிஞர் லாங்லி, அரசு தந்த 50,000 டாலரையும் 52 குதிரைத்திறன் எஞ்சினையும் கொண்டு ஒரு விமானம் அமைத்தார். 1903 டிசம்பர் 8 அன்று, ஏவிய மாத்திரத்தில் அது பொட்டோமாக் ஆற்றில் வீழ்ந்தது. ஒன்பது நாட்கள் கழித்து, டிசம்பர் 17 அன்று, 12 குதிரைத்திறனே கொண்ட ரைட் சகோதரர்களின் விமானம் 12 வினாடிகளில் 120 அடி பறந்தது. அன்றைய நான்காம் முறை 59 வினாடிகள், 852 அடி! எஞ்சின் மட்டுமே விடையாக இருந்திருந்தால், வென்றிருக்க வேண்டியவர் லாங்லி அல்லவா?

அதன்பின் காலம் விரைந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானம் ஓட்டினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். ரைட் சகோதரர்கள் பறந்து முப்பது ஆண்டுகள் நிறையுமுன் வானஞ்சல் நம் வாசலுக்கு வந்துவிட்டது.

பறவைக்கு இயற்கை பல கோடி ஆண்டுகளில் தந்ததை மனிதன் சில ஆண்டுகளில் பெற்றான். ஆனால் விலையின்றிப் பெறவில்லை. லிலியந்தால் தம் உயிரைத் தந்தார். ரைட் சகோதரர்கள் தம் நம்பிக்கையைத் தராசில் இட்டு நிறுத்துப் பார்த்தனர். நூலை மதிப்பதும் அதைச் சோதிப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. லிலியந்தாலின் எழுத்துகளைப் படித்திராவிட்டால் அவர்கள் தொடங்கியிருக்கவே முடியாது. படித்ததோடு நின்றிருந்தால் பறந்திருக்கவும் முடியாது. நம் வகுப்பறைகளுக்கும் இது பொருந்தும் என்றே நான் நம்புகிறேன்.