குள்ளநரி ஏன் தின்பதில்லை?

கார்ட்டூன் படத்துக்கெல்லாம் விமர்சனம் தேவையா என்று நண்பர்கள் சிலர் சிரிக்கக்கூடும். சிலியில் 1971இல் ஏரியல் டோர்ஃப்மனும் அர்மான்ட் மத்தலாரும் டொனால்ட் வாத்தை வாசிப்பது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். 1973 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு அந்தப் புத்தகம் எரிக்கப்பட்டது. வாத்துக் கதையைப் பற்றிய ஒரு புத்தகத்துக்கு ஜெனரல்கள் பயந்தார்கள் என்றால், அதில் ஏதோ இருக்கத்தானே வேண்டும்? வாத்துகளின் உலகத்தில் அப்பா அம்மா கிடையாது, மாமன்களும் மருமகன்களும்தான் என்று அவர்கள் கண்டு சொன்னார்கள். நான் இங்கே பார்க்கப்போவது வேறொரு இல்லாமையை. பசி.

நம் குழந்தைகளுக்கு நன்கு தெரிந்த இனம் கடந்த நட்பு டோராவுக்கும் புஜ்ஜிக்குமானது. ஒரு சிறுமி, ஒரு குரங்கு. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் நிக்கலோடியன் அலைவரிசையில் தொடங்கியது இத்தொடர். 2007இல் சுட்டி டிவி வந்த பிறகு 'டோராவின் பயணங்கள்' என்ற பெயரில் தமிழ் பேசியது. அன்று அதைப் பார்த்த பிள்ளைகள் இன்று வேலைக்குப் போகிறார்கள். 2024இல் மூலத்தொடரைப் புதிய கணினி வரைகலையில் மறுபடி எடுத்திருக்கிறார்கள். ஆக, தீர்ப்புச் சொல்ல இது கெட்டுப்போன நேரம் ஒன்றுமில்லை.

முதலில் பெயர்கள். மூலத்தில் குரங்கின் பெயர் பூட்ஸ். சிவப்புப் பூட்ஸ் போட்டிருப்பதால் பூட்ஸ். தமிழில் பூட்ஸ் காலிலேயே இருக்க, பெயர் மட்டும் புஜ்ஜியாகிவிட்டது. புஜ்ஜி என்பது கொஞ்சுகிற பெயர். மடியில் வைத்துக்கொள்ளும் எதையும் அப்படிக் கூப்பிடலாம். தோழன் என்ற நிலையிலிருந்து செல்லம் என்ற நிலைக்குக் குரங்கு சத்தமில்லாமல் இறக்கப்பட்டுவிட்டது. இதைவிடப் பெரிய காரியம் இன்னொரு பெயரில் நடந்திருக்கிறது. எதையாவது தட்டிப் பறித்துக்கொண்டு ஓடும் நரியின் மூலப் பெயர் ஸ்வைப்பர், அதாவது பறிப்பவன். செய்கையால் வந்த பெயர் அது. செய்கை நின்றால் பெயரும் உதிர்ந்துபோக வழியிருக்கிறது. தமிழில் அவன் வெறும் 'குள்ளநரி'. பிறப்பால் வந்த பெயர். திருடக்கூடாது என்று மூன்று தடவை சொன்னால் விரலைச் சொடுக்கிவிட்டு ஓடிப்போகிறது. குழந்தைகள் கைதட்டுகிறார்கள். திருடனைப் பார்த்துத் திருடாதே என்று சொல்வதும், ஒரு இனத்தின் பெயரைச் சொல்லித் திருடாதே என்று சொல்வதும் ஒன்றா? 1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இலிருந்து சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் 1920இல் துப்பாக்கிச் சூட்டுக்குச் செத்தவர்களின் நாட்டில் இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை. டப்பிங் எழுதியவர் இதை வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லவில்லை. மொழியே கை கொடுத்துவிடுகிறது. நரி என்றால் தந்திரம், தந்திரம் என்றால் திருட்டு என்று ஆயிரம் வருடமாகத் தயாராக வைத்திருக்கிறோம்.

கொடுமுடிப் பக்கம், காலிங்கராயன் வாய்க்கால் முடிகிற ஊரில், தங்கச்சி வீட்டில் உட்கார்ந்துதான் இந்தத் தொடரை நான் அதிகம் பார்த்தது. அவளுடைய மகளுக்கு அப்போது ஆறு வயசு. அவள் பேச்சில் ஒன்றைக் கவனித்தேன். "புஜ்ஜி வந்துட்டான்" என்பாள். "நரி வந்துருச்சு" என்பாள். இரண்டும் விலங்குதான். ஒன்றுக்கு உயர்திணை, ஒன்றுக்கு அஃறிணை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தொல்காப்பியர் போட்ட கோட்டை ஆறு வயதுப் பிள்ளை தன் இஷ்டத்துக்கு நகர்த்தி வைக்கிறாள். நட்பு என்பது இலக்கணத்தில் நடக்கும் காரியம் என்று அன்றைக்குத்தான் பட்டது. திணை மாறி வந்தவன் நண்பன், மாறாமல் வெளியே நிற்பது மற்றமை.

ஒருநாள் அவளே கேட்டாள்: "மாமா, குள்ளநரி புடுங்கீட்டுப் போறதையெல்லாம் ஏனுங்க தூக்கி வீசுது? திங்கமாட்டீங்குதே, அதுக்குப் பசிக்காதுங்களா?"

அவள் அப்புச்சி திண்ணையிலிருந்து சொன்னார்: "பொம்ம நரிக்கு ஏது கண்ணு வவுறு?"

இரண்டு பேரும் ஆளுக்கொரு விமர்சனக் கட்டுரை எழுதிவிட்டார்கள் என்றுதான் சொல்லோணும். அந்த நரி பறித்ததை உண்மையிலேயே வைத்துக்கொள்வதில்லை. எங்கோ வீசிவிட்டு, இனி உங்களுக்குக் கிடைக்காது என்று சிரிக்கிறது. பசியில்லாத திருட்டு. காரணமில்லாத திருட்டுக்கு ஒரே விளக்கம் சுபாவம். வயிற்றை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது சாதிக் குணம் மட்டுமே.

குரங்கின் பக்கம் இதே அறுவைச் சிகிச்சை வேறு விதமாய் நடக்கிறது. மலைக்கோயில் எதற்காவது தேங்காய் பழத் தட்டோடு படியேறியவர்களைக் கேளுங்கள், பிடுங்குவது யார் என்று. குரங்கு பிடுங்கும், பல்லைக் காட்டும், பையைக் கிழிக்கும். அதற்கு நியாயமும் உண்டு, பசி. தொடரில் இந்தப் பிடுங்கும் தொழில் குரங்கிடமிருந்து கழற்றப்பட்டு நரிக்கு மாட்டப்பட்டிருக்கிறது. குரங்கைச் சுத்தம் செய்தால்தான் சிறுமிக்குத் தோழனாக்க முடியும். கழுவிய அழுக்கை ஊற்ற ஒரு இடம் வேண்டும். அந்த இடம் நரி.

பஞ்சதந்திரத்துக்கு இந்தக் கூச்சம் கிடையாது. தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து தமிழாக்கிய அந்தக் கதைகளின் முதல் தந்திரமே மித்திரபேதம். சிங்கத்துக்கும் எருதுக்குமான நட்பு, அது உடைவது. இதைவிடப் பொருந்தாத நட்பு ஏது? பிங்கலகன் என்ற சிங்கம், வணிகன் காட்டில் விட்டுப்போன சஞ்சீவகன் என்ற எருதோடு பேசிப் பேசியே நாளைக் கழிக்கிறது. வேட்டைக்குப் போவதில்லை. சில வடமொழிப் பிரதிகளில் இது வெளிப்படையாகவே வருகிறது: ராஜா வேட்டையாடாததால் சுற்றியிருந்த மிருகங்களெல்லாம் பட்டினி. தமனகன், கரடகன் என்ற இரண்டு நரிகளும் பட்டினி. அதற்குப் பிறகுதான் கோள், அதற்குப் பிறகுதான் கொலை. நரி கெட்டவன்தான், ஆனால் அவனுக்கு வயிறு இருக்கிறது, இழந்த பதவி இருக்கிறது. இரண்டு பேரின் நட்பு மூன்றாமவன் சோற்றில் கை வைக்கிறது என்பதைக் கதை மறைக்கவில்லை. நீதி சொல்ல வந்த பழைய பிரதி அரசியல் பேசுகிறது. நட்பு சொல்லித்தர வந்த புதிய பிரதி ஒழுக்கம் மட்டும் பேசுகிறது.

கொங்கு நாட்டுக்காரர் ஒருவர் இந்த வியாபாரத்தில் கோலோச்சியதையும் சொல்லாமல் விடக்கூடாது. கோவை சாண்டோ சின்னப்பா தேவர். 1967இல் 'தெய்வச்செயல்', அதுவே 1971இல் இந்தியில் 'ஹாத்தி மேரே சாத்தி', திரும்பவும் தமிழில் 1972இல் எம்.ஜி.ஆர். நடித்த 'நல்ல நேரம்'. 1977இல் 'ஆட்டுக்கார அலமேலு'. யானை, பாம்பு, பசு, ஆடு எல்லாம் அவர் படங்களில் நடித்தன. தேவர் பட விலங்கு நண்பன் என்று சொல்லப்பட்டாலும் அதன் உண்மையான உறவு நன்றிக்கடன். சோறு போட்டவனுக்காக உயிரைக் கொடுக்கும். பண்ணையாள் எப்படி இருக்க வேண்டும் என்று பண்ணை நினைத்ததோ அப்படி. எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. ஆனால் அங்கே சோறு என்ற பொருள் இருக்கிறது, கணக்கு இருக்கிறது. டோரா புஜ்ஜிக்கு எதுவும் போடுவதில்லை, புஜ்ஜி எதையும் திருப்பித் தரவேண்டியதில்லை. கடனில்லாத நட்பைக் குழந்தைக்குக் காட்டுவது நல்ல விஷயம், அதை நான் மறுக்கமாட்டேன். சில கதைகளில் நரியையும் சேர்த்துக்கொள்ளத்தான் செய்கிறார்கள். என் கேள்வி, அந்தக் கடன் எங்கே போய் ஒளிந்தது என்பது.

தங்கச்சி வீட்டில் ஒரு வெள்ளாட்டுக் குட்டிக்கும் புஜ்ஜி என்று பெயர் வைத்தாள் பிள்ளை. மயிலை, செவலை, காரி என்று நிறத்தைச் சொல்லியே மாட்டைக் கூப்பிடும் வீடு அது. பட்டிப் பொங்கலுக்கு மாட்டைக் கும்பிடுகிறோம், தேவைப்பட்டால் சந்தைக்கும் ஓட்டுகிறோம். இரண்டும் ஒரே கையால்தான். புஜ்ஜி கிடாயாகிக் கன்னிவாடிச் சந்தைக்குப் போனது. பிள்ளை இரண்டு நாள் சாப்பிடவில்லை. "பேரு வெக்காத கண்ணுன்னு அப்பவே சொன்னனே" என்றாள் தங்கச்சி. பேர் வைத்ததை விற்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பணத்தில்தான் பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் சீருடை எடுத்தார்கள் என்பதும் தெரியும். ஜான் பெர்ஜர் விலங்குகளைப் பற்றிய தன் கட்டுரையில், உயிருள்ளவை நம் வாழ்க்கையிலிருந்து மறைய மறையப் பொம்மைகளும் படங்களும் பெருகுகின்றன என்கிறார். லண்டனுக்கு அது சரி. எங்கள் பக்கம் இரண்டும் ஒரே வீட்டில் இருக்கின்றன, டிவிக்குள் ஒரு புஜ்ஜி, பட்டிக்குள் ஒரு புஜ்ஜி. சங்கடம் இங்கேதான்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. மூலத்தில் டோரா ஆங்கிலம் பேசி, இடையில் ஸ்பானிஷ் சொல்லித்தருகிறாள். குடியேறிகளின் வீட்டு மொழியைப் பெரும்பான்மைக் குழந்தைகள் திருப்பிச் சொல்கிறார்கள். அது ஒரு சின்ன அரசியல் வெற்றி. தமிழில் அவள் தமிழ் பேசி ஆங்கிலம் சொல்லித்தருகிறாள். அதே வடிவம், தலைகீழ் அதிகாரம். டியூஷன் ஆகிவிட்டது.

இனி, இதற்கு மாற்றாக எல்லோரும் கொண்டாடுகிற படம் ஒன்று. லாட்வியாவின் கின்ட்ஸ் சில்பலோடிஸ் இயக்கி, 2025இல் ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ'. வெள்ளத்தில் ஒரு படகு. பூனை, நாய், கேப்பிபாரா, லெமூர், நெட்டைக்கால் பறவை ஒன்று. ஒரு வசனம் கிடையாது, அதனால் டப்பிங்கும் கிடையாது. பெயர் வைக்கும் வேலையே இல்லை. இந்த விலங்குகளுக்குப் பசிக்கிறது. பூனை நீருக்குள் முங்கி மீன் பிடித்து வந்து மற்றவர்களுக்கும் போடுகிறது. பார்த்தவுடன் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அப்பாடா, வயிறு திரும்பி வந்துவிட்டது என்று. டோராவைவிட இது பல மடங்கு நேர்மையான படம். பிள்ளைகளுக்குத் தயங்காமல் காட்டலாம்.

ஆனால் மீன்? வண்ண வண்ணமாக, கூட்டம் கூட்டமாக, முகமில்லாமல் நீந்துகிறது. 1994இன் 'லயன் கிங்'கில் சிங்கக்குட்டி பன்றியோடும் கீரியோடும் சிநேகம் பிடித்தபோது புழு பூச்சிகளைத் தின்றது. அங்கே பூச்சி, இங்கே மீன். படகில் இடம் கிடைத்தவர்கள் பங்கு போட்டுக்கொள்ள, படகுக்குக் கீழே யாராவது இருந்துகொண்டே இருக்கிறார்கள். தங்கச்சி மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். படத்தை அவளோடுதான் பார்த்தேன். அவள் மீனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.