ஓட்டப் பாதையில் வெப்பமும் ரயர்த் தேய்வும்

கண்டியிலிருந்து கடுகண்ணாவைச் சரிவில் இறங்கும் நம்மவர் சூடேறிய பிறேக்கின் மணத்தை அறிவர். 1,200 கிலோ எடையுள்ள கார் நூறு மீற்றர் உயரம் இறங்குகையில் வெளிப்படும் ஆற்றல், மூன்றரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். 1934இல் தொடங்கிய நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தில், ஏற்றமாதலின், இத்தொல்லை சிறிது. சுற்றுப்பாதையிலோ 100 கிலோமீற்றர் வேகத்தினின்று மும்முறை நிறுத்தினாலே அவ்வெப்பம் மிஞ்சிவிடும். ஈரமுறிஞ்சிய பழைய பிறேக்குத் திரவம் கொதித்து ஆவியாயின், மிதி தரையைத் தொடும், கார் நில்லாது. ஆதலின் புதுத் திரவமே முதற்செலவு என்போம்; அழகுச் சில்லுகள் பிறகு வாங்கலாம்.

குளிர்ந்த ரயரில் 30 இறாத்தலாயிருந்த அமுக்கம், 40 பாகை சூடேறின் 36 ஆகும். மிகுந்தால் நடுப்பகுதி விரைவில் தேயும். ஓடிவந்தவுடன் அளந்து மிகுதியை வெளியேற்றுக. இறுதிச் சுற்றை மெல்ல ஓட்டி ஆறவிடுக. வீடு திரும்புமுன் காற்றை மீள நிரப்ப மறவற்க.