"நாளைக்கு மத்தியானம்தான் வருவாங்க"

கல்யாணப் பந்தியில் பேச்சு தொய்ந்தால், போன் கம்பெனிகளின் கஸ்டமர் கேரை எடுத்துப் போட்டால் போதும். பாயசம் வரும்வரை ஓடும். கேட்காத காலர் ட்யூனுக்குப் பிடித்த பணம், தமிழுக்கு எண்ணை அழுத்திய பிறகும் இந்தியில் பேசிய குரல், ஆளே வராமல் "உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது" என்று வந்த குறுஞ்செய்தி. இப்படி ஆளுக்கொரு கதை கைவசம் இருக்கும். என்னிடமும் உண்டு. ஆனால் இங்கே எழுதப்போவது, எல்லாம் ஒழுங்காக நடந்த ஒரு கதை. கம்பெனியின் பெயரைப் போடப்போவதில்லை. போட்டால் விளம்பரமாகிவிடும், அதே கம்பெனியிடம் நொந்துபோனவர்கள் எனக்குக் கடிதமும் எழுதுவார்கள்.

கும்பகோணத்தில் அக்கா வீட்டுத் தெருவில் சாக்கடை வேலை நடந்தது. ஜேசிபி வந்து போன சாயங்காலம் வீட்டில் இன்டர்நெட்டும் லேண்ட்லைனும் சேர்ந்து போய்விட்டன. கேபிள் அறுந்து தொங்கவில்லை. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. அக்கா மகள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, அக்காவே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். பட்டன் அழுத்தும் சடங்குகள் முடிந்து ஒரு பெண் பேசினார்.

"மோடத்துல எல்.ஓ.எஸ்.னு ஒரு லைட் இருக்கும்மா. எரியுதா? என்ன கலர்?"

"சிவப்பா, விட்டு விட்டு எரியுது."

"அப்ப வெளிய கேபிள்லதாம்மா பிரச்சினை. மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பிரயோஜனம் இல்ல. பசங்க நாளைக்கு மத்தியானம்தான் வருவாங்க. ஒரு மணிக்குள்ள."

"நாளைக்கா?" என்று அக்கா குரலை உயர்த்தினாள்.

"இன்னைக்கே வருவாங்கன்னு சொல்லி உங்கள வாசல்ல உக்கார வைக்க எனக்கு இஷ்டமில்லம்மா. அதான் இருக்கிறதைச் சொல்றேன்."

அக்கா மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தோழி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். "இதோ வருவாங்க, இன்னும் ரெண்டு மணி நேரத்தில்" என்று இழுத்திருந்தால் அன்றைய வேலையும் போயிருக்கும், அக்காவின் ரத்த அழுத்தமும் ஏறியிருக்கும். கெட்ட செய்தியை நேரத்தோடு சொன்னதே பாதி சேவை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், கஸ்டமர் கேருக்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது: பேச வேண்டும் என்று கேட்பவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு 90 வினாடிக்குள் ஆள் குரல் கேட்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அந்தக் குரலுக்கு விஷயம் தெரியுமா என்பதை அந்த அளவுகோல் அளப்பதில்லை. கால் சென்டர்களில் ஓர் அழைப்பை எத்தனை சீக்கிரம் முடித்தார்கள் என்று பார்ப்பதுதான் வழக்கம். கையில் கொடுத்த தாளில் மோடத்தை அணைத்துப் போடச் சொல்லியிருந்தால், ஜேசிபி வந்து போன தெருவுக்கும் அதையேதான் சொல்வார்கள். அந்தப் பெண் தாளை ஓரம் வைத்துவிட்டு ஒரே கேள்வியில் கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துவிட்டார்.

மறுநாள் சொன்ன நேரத்துக்கு இரண்டு பையன்கள் பைக்கில் வந்தார்கள். மூத்தவர் பேனா போன்ற ஒரு லேசரை ஃபைபரின் முனையில் செருகிவிட்டு, கேபிள் போகும் வழியெல்லாம் கையால் வெயிலை மறைத்து மறைத்துப் பார்த்துக்கொண்டே போனார். எதிர்வீட்டு மொட்டை மாடிச் சுவரோரம் உறை கீறியிருந்த இடத்தில் சிவப்பு வெளிச்சம் கசிந்தது. ஜேசிபியின் கை இழுத்ததில் உள்ளே கண்ணாடி இழை முறிந்திருக்கிறது.

அந்த இழையின் தடிமன் 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. உறையை உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, முனையை நேர்க்கோடாக வெட்டி, இரண்டு முனைகளையும் ஸ்ப்ளைசிங் மிஷினில் எதிரெதிரே வைத்தார். சின்னத் திரையில் இரண்டும் பெரிதாகத் தெரிந்து, நெருங்கி வந்தன. ஒரு மின்பொறி, ஒட்டிக்கொண்டன. வேலை நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. என் கண்ணில் பட்டது அதற்குப் பிறகுதான். வெட்டி விழுந்த துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, காலி மாத்திரை டப்பாவில் போட்டு மூடினார்.

"வத்தல் காயப்போடுற இடம்க்கா. கால்ல ஏறுச்சுன்னா எடுக்கிறது கஷ்டம்" என்றார் எதிர்வீட்டு அம்மாவிடம். அந்த அம்மா இவர்கள் கம்பெனியின் வாடிக்கையாளர்கூட இல்லை.

கீழே வந்து மீட்டரை வைத்து வெளிச்சத்தின் அளவைப் பார்த்தார். மைனஸ் 21 காட்டியது. மைனஸ் 27-க்குக் கீழே போனால்தான் தொல்லை என்றார். லேண்ட்லைனிலிருந்து தன் செல்போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்து, அத்தானைப் பேசிப் பார்க்கச் சொல்லிவிட்டே கிளம்பினார்.

முந்தின நாளே ஏன் வரவில்லை என்று கேட்டேன். "மிஷின் ஒண்ணுதான் சார் எங்க டீமுக்கு. காலையில பாபநாசம், அப்புறம்தான் இங்க." ஆக, அந்தப் பெண் மத்தியானம் என்று சொன்னது குத்துமதிப்பு இல்லை. மிஷின் எங்கே போகிறது என்பது அவர் முன்னால் இருந்த திரையில் இருந்திருக்கிறது. சேவை நன்றாக இருந்ததற்கு என் கணக்கில் இதுதான் காரணம்: புகாரை எழுதிக்கொள்பவருக்கும் ஏணியில் ஏறுபவருக்கும் நடுவில் சுவர் இல்லை. பல இடங்களில் அழைப்பை எடுப்பது ஒரு கான்ட்ராக்டரின் ஆள், கேபிளைத் தொடுவது இன்னொரு கான்ட்ராக்டரின் ஆள். இருவரும் ஒருவரை ஒருவர் அறியமாட்டார்கள்.

ஒரு காலத்தில் இந்தச் சுவரே கிடையாது. லைன்மேனைத் தெருவே அறியும். தீபாவளிக்கு இனாம் வாங்குவார், எந்தப் பில்லர் பாக்ஸில் எந்த வீட்டுக் கம்பி ஜோடி என்பது அவருக்கு மனப்பாடம். பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. கனெக்‌ஷன் கிடைக்கவே வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அந்த ஆட்களும் பிறகு குறைந்துபோனார்கள்: 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல்.லிலிருந்து மட்டும் 78,000-க்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். இன்று ஏணி தூக்குபவர்களில் பெரும்பாலோர், எந்தக் கம்பெனி ஆனாலும், ஒப்பந்தப் பையன்கள்தான். அந்த மாத்திரை டப்பா எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருக்காது.

எனவே நல்ல ஆள் அமையும்போது, பின்னால் வரும் மதிப்பெண் குறுஞ்செய்தியை அழிக்காமல் பதில் போடுங்கள். அமையாதபோது செய்ய வேண்டியதும் இருக்கிறது. புகார் எண் 198, கட்டணமில்லை. பேசி முடித்ததும் டாக்கெட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாத புகார் புகாரே இல்லை. வீட்டு இணைப்பில் கோளாறு மூன்று நாளைத் தாண்டினால் வாடகையில் கழிவு உண்டு. கம்பெனி தானாகச் சொல்லும் என்று இருக்காமல் பில்லைப் பாருங்கள். புகாருக்குத் தீர்வு திருப்தியில்லை என்றால் 30 நாட்களுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். அதற்கும் கட்டணம் கிடையாது.