செலவாகாத உப்பு

மெக்சிகோவின் யுகடான் கரையில் புரோகிரெசோ என்றொரு துறைமுகம். கரையோரம் ஆழம் குறைவு என்பதால், 1937 முதல் 1941 வரை பாடுபட்டு, 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான கப்பல் மேடை ஒன்றைக் கடலுக்குள் கட்டினார்கள். கான்கிரீட்டுக்குள் வைத்தது துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. அந்த மேடை நிற்கிறது. பல ஆண்டுகள் கழித்து, பக்கத்திலேயே சாதாரணக் கம்பியால் எழுப்பிய இன்னொரு மேடை உடைந்து, எச்சங்களாகக் கிடக்கிறது. கடல் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான்.

சாதாரணக் கம்பி மட்டமானது அல்ல. கான்கிரீட்டின் நுண்துளைகளில் சுண்ணாம்பின் காரம் ஊறிய நீர் இருக்கிறது. அதன் பிஎச் அளவு 12.5-க்கு மேல். அந்தக் காரத்தில் இரும்பு தன்மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடுத் தோல் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. பல மாடிகளைத் தாங்கும் கம்பிக்குக் காவல் இவ்வளவு மெல்லிய தோல்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

காற்றின் கரியமில வாயு மெல்ல உள்ளே புகுந்து காரத்தைத் தணித்தால் தோல் போய்விடும். உப்பு அதுவரை காத்திருக்காது. அதிலுள்ள குளோரைடு, காரம் குறையாதபோதே தோலை ஓரிடத்தில் துளைக்கிறது. அந்தப் புள்ளியில் இரும்பு கரைய, விடுபடும் எலக்ட்ரான்களைக் கம்பியின் மற்ற பகுதி வாங்கிக்கொள்ள, கம்பியே ஒரு மின்கலமாகிறது. கரைந்த இரும்போடு சேரும் குளோரைடு, இரும்பு துருவாக மாறியதும் விடுபட்டு, மறுபடி கம்பிக்கே வருகிறது. முதல் குறையாமல் வட்டி தின்னும் கந்துவட்டிக்காரன் மாதிரி.

துருவுக்கு இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் வேண்டும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. உள்ளிருந்து வீங்கும் துரு அதைக் கம்பியின் நீளவாக்கில் பிளக்கிறது. விரிசல் வழியே இன்னும் உப்பு.

துருப்பிடிக்க ஆக்சிஜனும் வேண்டுமே! அதனால்தான் எந்நேரமும் கடலில் மூழ்கிய தூணைவிட, அலை ஏறி இறங்கும் பகுதி சீக்கிரம் கெடுகிறது. இந்தியத் தரவிதி ஐஎஸ் 456-லும் இது தெரியும்: கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடாக்கு, மூழ்கியதற்கு 45 மில்லிமீட்டர், அலை ஏறி இறங்கும் பகுதிக்கு 75. கம்பி வைத்த கான்கிரீட்டைக் கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. உவர்ப்புப் போர்த் தண்ணீரில் கலக்குகிறவர்கள், உப்பு கடலிலிருந்து வந்து சேரும் வரைகூடக் காத்திருப்பதில்லை.